ஹப்ஸாவின் ஆங்கிலப் பாடமும் நிந்தவூரில் ஒரு வீடும்

1

இதை ஊரில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன். லண்டனிலோ டோஹாவிலோ இருந்துகொண்டு வாசிப்பவர்கள் பாதியில் விட்டுவிடலாம், உங்களுக்கு இதெல்லாம் தெரிந்த கதை. என் வீட்டைப் பற்றி நிந்தவூரில் நாலு விதமாகக் கதைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். எனக்குப் பைத்தியம் என்று ஒரு கதை. மகள் வெள்ளைக்காரனைக் கட்டப்போகிறாள் என்று இன்னொரு கதை. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன், பிறகு உங்கள் பாடு.

என் மகள் ஹப்ஸாவுக்குப் பதினைந்து வயது. இங்கே லண்டனிலேயே பிறந்தவள். அவளுடைய பாடசாலையில் ஆங்கில இலக்கியத்துக்குக் கிழமைக்கொரு கதையோ கவிதையோ கொடுப்பார்கள். வாசித்துவிட்டு ஒரு பக்கம் எழுதிக்கொண்டு போக வேண்டும். நாங்கள் படித்த காலத்தைப் போல, புலவர் என்ன சொல்ல வருகிறார் என்று எழுதுவதில்லை. ‘உனக்கு என்ன தோன்றியது?’ என்றுதான் கேட்கிறார்கள். எனக்குத் தோன்றியதை நான் எழுதியிருந்தால் எங்கள் தமிழ் சேர் பிரம்பால்தான் திருத்தியிருப்பார்.

முதலில் கொடுத்தது ஒரு கமக்காரக் குடும்பத்தின் கதை. தகப்பன் இறந்ததும் வீட்டையும் மாடுகளையும் ஆண்பிள்ளைகள் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். தங்கைக்கு ஒரு சுவர் மணிக்கூடு மட்டும் கிடைக்கிறது. அதைக் கம்பளியில் சுற்றிக்கொண்டு அவள் பஸ் ஏறுகிறாள். வகுப்பே அந்தப் பெண்ணுக்காகக் கண்ணீர் விட்டதாம். ஹப்ஸா எழுதியதை நான் இப்படித் தமிழில் தருகிறேன்:

“இந்தப் பெண்ணிடம் ஏன் வீடு இல்லை என்று எழுத்தாளர் எங்கும் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்துவிட்டார் போல. எனக்குத் தெரியவில்லை. எங்கள் ஊரில் வீடு பெண்களுடையது. என் உம்மாவுக்கு ஒரு வீடு இருக்கிறது. என் வாப்பா கல்யாணத்தன்று ஒரு சூட்கேசோடு அந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தார். இந்தக் கதை எங்கள் ஊரில் நடந்திருந்தால் அண்ணன்மார்தான் மணிக்கூட்டோடு பஸ் ஏறியிருப்பார்கள்.”

‘அற்புதம். உன் ஊரைப் பற்றி இன்னும் எழுது’ என்று ஆசிரியை பச்சை மையில் எழுதியிருந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. தங்கச்சி ரிஸானாவுக்குப் போன் போட்டு முழுவதையும் வாசித்துக் காட்டினேன். என் கணவர் நஸீர் டெலிவரி வான் ஓட்டிக் களைத்து வந்தவர், சோற்றுக் கோப்பையை விட்டு நிமிர்ந்தார்.

“சூட்கேஸ் எங்கால வந்தது? எனக்கிட்ட இருந்தது ஒரு உடுப்புப் பேக்தான்” என்றார். “அதுவும் உங்கட வாப்பா தந்தது.”

2

ஊரிலுள்ள உங்களுக்கு எங்கள் வழக்கத்தை விளக்கத் தேவையில்லை. ஆனால் கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ இருந்து யாராவது வாசிக்கக்கூடும். கல்முனைக் கரையில் மகளுக்குக் கல்யாணம் என்றால் வீட்டு உறுதிப் பத்திரம் அவள் பெயருக்கு மாறும். மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வருவார். பெற்றவர்கள் அதே வளவில் பின்னால் ஒரு சின்ன வீட்டுக்கு ஒதுங்கிக்கொள்வார்கள். நான் மூத்தவள் என்பதால் பெரிய வீடு எனக்கு வந்தது. ரிஸானாவுக்குப் பின்வீடு. உம்மாவும் வாப்பாவும் ஹயாத்தோடு இல்லை, இருவரும் இறந்துவிட்டார்கள். இப்போது ரிஸானா, புருசன், கல்யாணமாகாத இரண்டு குமர்ப்பிள்ளைகளோடு அந்தப் பின்வீட்டில் இருக்கிறாள். அவளுக்கு முன்னால் என் வீடு பதினாறு வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது.

பூட்டிக் கிடக்கிறது என்றால் சும்மா இல்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ரிஸானா யன்னல்களைத் திறந்து விடுவாள். நான் போனில் பார்ப்பேன். இந்த மூலையைக் காட்டு, அந்த ஓட்டைப் பார், ஒழுகுதா? அலுமாரிக்குள் கறையான் ஏதும்? வேலை செய்யும் சுப்பர்மார்க்கட்டில் பாண் அடுக்கிக்கொண்டே காதில் இயர்போன் ஒன்றைச் செருகிக்கொண்டு கேட்பேன். அன்று வீடு பார்க்கக் கிடைக்காவிட்டால் எனக்கு இருப்புக் கொள்ளாது. பாணைத் தப்பான தட்டில் வைத்து மேற்பார்வையாளரிடம் ஏச்சு வாங்கியிருக்கிறேன்.

இரண்டாவது கிழமை வந்தது ஒரு கவிதை. ஒருவன் தான் முன்பு வாழ்ந்த வீட்டின் யன்னலில் முகத்தை வைத்து உள்ளே பார்க்கிறான், அவ்வளவுதான். ஹப்ஸா எழுதினாள்:

“எனக்கு இதன் எதிர்ப்பக்கம் நடக்கிறது. நான் வாழாத ஒரு வீட்டை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பார்க்கிறேன். பல் வைத்தியர் வாய்க்குள் பார்ப்பதுபோல என் உம்மா அதன் மூலைகளைப் பார்க்கிறா. அது எனக்கென்று சொல்கிறார்கள். நான் மூன்று தடவை போயிருக்கிறேன். அந்த வீட்டுக்கு என்னைத் தெரியாது.”

கடைசி வரி எனக்குப் பிடிக்கவில்லை. “என்ன கத இது? நீ பொறக்கக்குள்ளயே உனக்கெண்டு வச்ச வீடு” என்றேன்.

“டீச்சருக்கு அந்த வரிதான் புடிச்ச” என்றாள்.

வெள்ளைக்காரிக்குப் பிடிக்கத்தான் செய்யும், அவளுடைய வீடா? இதை வாயால் சொல்லவில்லை. எழுந்து போய்க் குசினி லாச்சி எல்லாவற்றையும் வெளியே கொட்டித் துடைத்தேன். எனக்குக் கோபம் வந்தால் கரண்டிகளுக்குத்தான் குளிப்பு.

3

மூன்றாவது, ஒரு நாடகம். ஒரு குடும்பம் எப்போது வருவார் என்று தெரியாத ஒரு விருந்தாளிக்காகத் தினமும் மேசை போட்டுப் பீங்கான் வைத்துக் காத்திருக்கிறது. ஹப்ஸா இதை எழுதியது எனக்குத் தெரியாது. நான் கோபித்ததால் காட்டவில்லை. பாடசாலையில் இருந்து போன் வந்தபோதுதான் தெரியும். இருவரும் வரவேண்டும் என்றார்கள். மகளுக்கு ஏதும் வருத்தமா என்று கேட்டேன். வாருங்கள், கதைப்போம் என்றார்கள்.

சின்ன அறை. ஆங்கில ஆசிரியை இருந்தார், பிள்ளைகளின் நலன் பார்க்கும் நோனா ஒருவரும் இருந்தார். நல்ல மனிசி, மென்மையான குரல். அந்தக் குரலே எனக்குப் பயமாக இருந்தது. மேசையில் ஹப்ஸாவின் மூன்றாவது பக்கம்.

“எங்கள் வீட்டிலும் இப்படித்தான். என் வீடு தயார். சுவருக்கு நிறம் பூசியாகிவிட்டது. கட்டில் வந்துவிட்டது, பொலித்தீன்கூடக் கழற்றவில்லை. வர வேண்டியது மாப்பிள்ளை மட்டும்தான். அவர் யாரென்று எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. இந்த ஓகஸ்டில் வீட்டைப் பார்க்கப் போகிறோம்.”

வாசித்து முடியத்தான் விளங்கியது. பதினைந்து வயதுப் பிள்ளையை ஓகஸ்ட் விடுமுறையில் கொண்டுபோய்க் கட்டிக்கொடுக்கப் போகிறோம் என்று நினைத்துவிட்டார்கள். போன் வழியாக ஒரு மொழிபெயர்ப்பாளரைப் பிடித்துத் தந்தார்கள். அவர் இந்தியத் தமிழ். நான் சீதன வீடு என்றேன். அவர் வரதட்சணை என்று எடுத்துக்கொண்டு நோனாவுக்குச் சொல்ல, நோனா பேனையை எடுத்தார். “அல்லாஹ்வே, போனை வைங்க தம்பி, நானே கதைக்கிறன்” என்றேன்.

என் ஆங்கிலம் பாண் கடை ஆங்கிலம். விலை சொல்லவும் மன்னிப்புக் கேட்கவும் காணும். அதை வைத்துக்கொண்டு சொன்னேன்: வீடு மாப்பிள்ளைக்கு இல்லை, மகளுக்கு. சண்டை வந்தால் வெளியே போவது அவர்தான், அவள் இல்லை. எந்த ஆணும் எங்கள் பெண்ணை வீட்டைவிட்டுத் துரத்த முடியாது, ஏனென்றால் அது அவன் வீடே இல்லை. நஸீர் பக்கத்தில் தலையாட்டினார். இருபத்தைந்து வருடமாகத் துரத்தப்படாமல் இருக்கிறவர் அல்லவா.

ஆசிரியையின் முகம் கொஞ்சம் தெளிந்தது. அதோடு நான் வாயை மூடியிருக்க வேண்டும். நுணலும் தன் வாயால் கெடும். இவர்களுக்கு வீட்டைக் காட்டினால் எவ்வளவு ஆசையாகச் செய்திருக்கிறோம் என்று விளங்கும் என்று நினைத்தேன். ஊரில் யார் வந்தாலும் அப்படித்தானே, முதலில் மகளுக்குக் கட்டிய வீட்டைச் சுற்றிக் காட்டுவோம். போனை எடுத்து, ரிஸானா போன மாதம் அனுப்பிய வீடியோவைப் போட்டேன். கட்டில் வந்தது. அலுமாரி வந்தது. அலங்கார மேசை, திரைச்சீலை, கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கிய பீங்கான் செட். பின்னால் ரிஸானாவின் குரல், எங்களில் ராத்தா என்றால் அக்கா: “இது மாப்பிள்ள அறை ராத்தா, கலர் நல்லமா?”

“மாஷா அல்லாஹ், நைஸ் ரூம்” என்று நானே சிரித்துக்கொண்டு சொன்னேன்.

நோனா சிரிக்கவில்லை. கடவுச்சீட்டுகள் எங்கே இருக்கின்றன என்று கேட்டார்.

4

ஹப்ஸாவைத் தனியாகக் கூப்பிட்டுக் கதைத்தார்கள். நாங்கள் வெளியே வாங்குப் பலகையில் இருந்தோம். பிள்ளைகள் எங்களைப் பார்த்துக்கொண்டு போனார்கள். “நாம என்ன களவா எடுத்த?” என்றார் நஸீர், தரையைப் பார்த்தபடி. எனக்கு எழும்பி நடக்க வேண்டும் போலிருந்தது. நடந்தால் அதையும் எழுதுவார்களோ என்று பயந்து இருந்த இடத்திலேயே இருந்தேன். பிள்ளையைப் பிரித்துக் கொண்டுபோய் விடுவார்களோ என்று நினைத்த அந்த நேரத்தை என் எதிரிக்கும் அல்லாஹ் கொடுக்கக்கூடாது.

கடைசியில் எங்களையும் உள்ளே கூப்பிட்டார்கள். ஹப்ஸாவின் கண் சிவந்திருந்தது. நோனா சொன்னார்: உங்கள் மகள் தெளிவாகச் சொல்லிவிட்டாள், யாரும் அவளைக் கட்டாயப்படுத்தவில்லை, கல்யாணப் பேச்சே இல்லை, பயணத்துக்குத் தடையில்லை. எங்கள் கடமை, கேட்கத்தான் வேண்டும், மன்னியுங்கள். பிறகு மகள் பக்கம் திரும்பி, இன்னும் ஏதும் சொல்ல விருப்பமா என்று கேட்டார்.

“நான் எழுதினது கல்யாணத்தைப் பற்றி இல்லை” என்றாள் ஹப்ஸா ஆங்கிலத்தில். “எனக்கு அந்த வீடு வேண்டாம். அதைத்தான் எழுதினேன்.”

பஸ்ஸில் அவள் முன்னாலும் நான் பின்னாலும் இருந்தோம். நஸீர் வேலைக்குப் போய்விட்டார். இரண்டு தரிப்பிடம் பொறுத்தேன். பிறகு எழும்பிப் போய் அவள் பக்கத்தில் இருந்தேன். அவள் என்னோடு பாதி ஊர்த்தமிழ், பாதி ஆங்கிலத்தில் கதைப்பவள். இங்கே தமிழிலேயே எழுதுகிறேன்.

“வேணாம் எண்டா என்ன புள்ள அர்த்தம்? யாருக்கு அது?”

“ஷிபா ராத்தாக்கு.”

ஷிபா, ரிஸானாவின் மூத்த மகள். இருபத்திமூன்று வயது. ஆசிரியர் பயிற்சி முடித்தவள். இவளும் அவளும் போனில் குரல் அனுப்பிக்கொள்வது எனக்குத் தெரியும், என்ன கதைப்பார்கள் என்று தெரியாது.

“அவவப் பொண்ணு பாக்க சம்மாந்துறையில இருந்து வந்தாங்க. முன்வீட்டக் கண்டு சந்தோசப்பட்டாங்களாம். மறுகா ரிஸானா சாச்சி, அது ராத்தாட வீடு, எங்கட வீடு பின்னால எண்டு சொன்னாவாம். டீயக் குடிச்சிட்டுப் போனவங்கதான். இன்னும் ஒரு பதிலும் இல்ல.”

“எனக்கு ஏன் ஒருத்தரும் சொல்லல்ல?”

“சாச்சி சொல்ல வேணாம் எண்ட. ராத்தாட மனசு நோகும் எண்டு.”

என் வீட்டு யன்னல்களை அவள் வெள்ளிக்கு வெள்ளி திறந்து விட்டிருக்கிறாள். மாப்பிள்ளை அறைக்கு நிறம் நல்லமா என்று கேட்டிருக்கிறாள். தன் மகளுக்கு ஒரு அறை இல்லாமல் அதைச் செய்திருக்கிறாள். எனக்கு ரிஸானா மேல்தான் முதலில் கோபம் வந்தது, ஏன் என்று கேட்காதீர்கள்.

5

உடனே வீட்டைத் தூக்கிக் கொடுத்தேன் என்று நினைக்காதீர்கள். நான் அவ்வளவு நல்லவள் இல்லை. ஒரு கிழமை வீட்டுக்குள் அங்குமிங்குமாகத் திரிந்தேன். துடைக்கக் கரண்டி மிச்சமில்லை. நஸீரிடம் கேட்டேன்.

“அது உன்ட வீடு” என்றார். “நான் வந்து இருந்தவன்தானே. எனக்கிட்ட என்னத்துக்குக் கேக்கிற?”

“ஒரு வார்த்த சொல்லுங்களன்.”

“ஷிபாவும் குமர்தான். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.”

அடுத்த கிழமைப் பாடத்தை நானே கேட்டு வாங்கி வாசித்தேன். ஏதோ ஒரு மீனவனைப் பற்றிய கதை. கடலோரத்துப் பிள்ளை, கட்டாயம் நமது ஊர் வரும், கரையில் இழுக்கும் மாயாவலை வரும் என்று எதிர்பார்த்தேன். ‘எழுத்தாளர் இங்கே உவமைகளைச் சிறப்பாகப் பயன்படுத்தியுள்ளார். கடலின் நிறம் சோகத்தைக் குறிக்கிறது’ என்று எழுதியிருந்தாள். பக்கம் முழுவதும் அப்படியே. ஊர் இல்லை, உம்மா இல்லை, அவளே இல்லை. நல்ல புள்ளிகள் போட்டிருந்தார்கள்.

அந்தப் பக்கம்தான் என்னை அடித்துப்போட்டது. நோனாவின் அறையில் பயந்ததைவிட அதிகமாகப் பயந்தேன். வாயைத் திறந்தால் வீட்டுக்குக் கேடு என்று பிள்ளை படித்துவிட்டாள். இனி எனக்கும் இப்படித்தான் பதில் சொல்வாள், உவமை நன்றாக இருக்கிறது உம்மா என்று.

“என்ன இது?” என்றேன்.

“ஹோம்வேர்க்.”

“உனக்கு என்ன தோணின எண்டுதானே கேட்ட?”

“ஒண்டும் தோணல்ல.”

“பொய் சொல்லாத. டீச்சருக்கு எழுத வேணாம். எனக்குச் சொல்லு.”

“சொன்னா கோவிப்பீங்க.”

“கோவிப்பன். சொல்லு.”

அவள் கொப்பியை மூடினாள். “நான் அங்க போய் இரிக்க மாட்டன் உம்மா. உங்களுக்கும் தெரியும். அந்த வீடு எனக்கில்ல. உங்களுக்கு. என்ட பேரச் சொல்லி நீங்க வச்சிருக்கிற.”

கோபம் வந்தது. சொன்னபடி கோபித்தேன். குரலை உயர்த்தி என்னவெல்லாமோ சொன்னேன், அவள் எதிர்த்துக் கதைத்தாள், மேல்மாடிக்காரன் தரையில் தட்டினான். ஆனால் அவள் சொன்னது உண்மை. இந்த நாட்டில் மழையில் பஸ்ஸுக்கு நிற்கும்போதெல்லாம், எனக்கு ஒரு வீடு இருக்கிறது, நான் இங்கே சும்மா வந்து நிற்கிறேன் என்று நினைத்துக்கொண்டுதான் நிற்பேன். அதையும் கொடுத்துவிட்டால் நான் இங்கே உண்மையாகவே நிற்க வேண்டி வரும். அதற்குத்தான் பயம்.

ரிஸானாவுக்குப் போன் எடுத்து, வீட்டை ஷிபாவின் பெயருக்கு எழுதப்போகிறேன் என்றேன். சந்தோசப்படுவாள் என்று நினைத்தேன். ஏசினாள்.

“உங்களுக்கென்ன விசரா ராத்தா? ஹப்ஸாக்கு வச்ச வீட்ட நான் எப்பிடிகா எடுக்கிற? ஊர் என்ன கதைக்கும்? தங்கச்சி யன்னல் தொறக்கிற சாட்டில வீட்டச் சுருட்டிட்டா எண்டு கதைக்கும்.”

“கதைக்கட்டும். ஷிபாவ நானும் தூக்கி வளத்தனான்தானே.”

“மறுகா நீங்க வந்தா எங்க இரிக்கிற?”

“உன்னோட பின்வீட்டில. குடுத்தவங்க பின்னால ஒதுங்குறதுதானே நம்மட வழக்கம்.”

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அழுகிறாள் என்று தெரிந்தது.

6

சம்மாந்துறைக்காரர்கள் திரும்பி வந்தார்கள். வராமல் என்ன? ஓகஸ்டில் நாங்கள் போய், கல்முனையில் நொத்தாரிசு முன்னால் உறுதிப் பத்திரத்தில் கையெழுத்து வைத்தேன். மகள் இருக்கத் தங்கச்சி மகளுக்கா என்று அந்த மனிசன் இரண்டு தரம் கேட்டார். நொத்தாரிசே கேட்டால் ஊர் கேட்காதா? அதனால்தான் இந்த எழுத்து. மகள் ஒருத்தனையும் கட்டப்போகவில்லை, அவளுக்கு ஏ லெவல் இருக்கிறது. எனக்கும் பைத்தியம் இல்லை. வெள்ளிக்கிழமை ஷிபாவுக்குக் காவின் எழுதி நிக்காஹ் முடித்தார்கள். கட்டிலின் பொலித்தீனை ஹப்ஸாவும் ஷிபாவின் தங்கச்சியுமாகக் கிழித்துச் சிரித்துக்கொண்டு இழுத்துப் போனார்கள்.

அதைப் பற்றி அவள் பாடசாலைக்கு ஏதும் எழுதினாளா என்று தெரியாது. ஆனால் என்னிடம் இப்போது நிறையக் கதைக்கிறாள், பாதிக்கு மேல் எனக்குப் பிடிக்காத கதை. ஊரில் இன்னும் ஒரு கிழமை நிற்கலாமா என்றுகூடக் கேட்டாள். வீடு வேண்டாம் என்று சொன்ன வாய்தான்.

கல்யாணம் முடிந்த இரண்டாம் நாள் காலை. பின்வீட்டில் இடியப்பத்துக்கு மா குழைத்துவிட்டு, பிழியும் உரலைத் தேடினேன். பெரிய உரல் முன்வீட்டுக் குசினியில் இருந்தது. கை மாவோடு எழும்பிப் போய், பின்கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தேன். அந்தக் கதவு இழுத்துத் தள்ளினால்தான் திறக்கும், எனக்குத் தெரியும். குசினிக்குள் புது மாப்பிள்ளை சாரத்தோடு தண்ணீர் குடித்துக்கொண்டு நின்றார். பிள்ளைக்குப் புரையேறிவிட்டது.

“உம்மா!” என்று பின்னாலிருந்து ஹப்ஸா கத்தினாள். “தட்டிட்டுப் போங்க! அது இப்ப ஷிபா ராத்தாட வீடு.”

வெளியே வந்தேன். எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியவில்லை. உரல் வேண்டாம், போய்விடுவோம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு மாக் கையை ஒருமுறை துடைத்துக்கொண்டு, திறந்து கிடந்த கதவில் இரண்டு தட்டுத் தட்டினேன்.

அந்தப் பிள்ளை அவசரமாகச் சேர்ட்டை மாட்டிக்கொண்டு வந்தார். பயந்துபோய் நின்றார். வந்து இரண்டு நாள்தான், இந்த வீட்டில் எது எங்கே இருக்கிறது என்றும் அவருக்குத் தெரியாது. ஆனாலும் மரியாதை தெரிந்த பிள்ளை.

“வாங்க மாமி, உள்ள வந்து இரிங்க” என்று ஒரு கதிரையை இழுத்துப் போட்டார்.

போய் அந்தக் கதிரையில் இருந்தேன்.